ஒரு ஊர் தள்ளிச் சொன்னவன்

சாமி,

நீயும் மருமகளும் சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் இதைப் படித்துவிடு. படித்து முடித்ததும் அவளிடமும் கொடு. உனக்கு மட்டும் என்று இதில் ஒரு வரிகூட இல்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் "சாப்பிட்டயா, பெங்களூர்ல மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். "என்னங்கப்பா, சும்மாதான் கூப்பிட்டீங்களா?" என்று நீயும் சிரித்தாய். சும்மா கூப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை வாயால் சொல்ல வரவில்லை. லோடு ரசீதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாத கை இது, எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள், பரவாயில்லை.

"நீங்களும் அம்மாவும் போன அதே ஸ்பிதி டூருங்கப்பா. அதே மலை, அதே புத்தர் கோயிலுங்க, அதே பன்னெண்டு பேர் வேன். நீங்க அனுப்புன போட்டோவப் பாத்துத்தான் புக் பண்ணுனோம்" என்று நீ சொன்ன அன்று, "சந்தோசம் சாமி" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துத்தான் நீ புக் செய்தாய் என்பதுதான் என்னைக் குத்துகிறது. போன வருஷம் நாங்கள் திரும்பி வந்ததும், அம்மாவுக்கு அங்கே என்ன ஆனது என்று நீ கேட்டாய். "குளுருல சளி புடிச்சுக்கிச்சு, ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்" என்றேன். மேற்கொண்டு யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நம் சூரமங்கலம் முழுக்க அந்த டூரைப் புகழ்ந்து தள்ளினேன். கடைக்காரரிடம் சொன்னேன், சம்பந்தி வீட்டில் சொன்னேன். நான் புகழ்ந்ததெல்லாம் பொய்யில்லை, மறைத்ததுதான் பொய். அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் நீ இப்போது உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கே ஏறப் போகிறாய்.

முதலில், நான் ஏன் அந்த மலைக்கு அப்படி ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். முப்பத்தொரு வருஷம் நாமக்கல் லாரி ஓட்டினேன். அதில் ஆறேழு வருஷம் ஆப்பிள் சீசனுக்கு சிம்லாவுக்கு மேலே போய் லோடு ஏற்றியிருக்கிறேன். பெட்டி அடுக்கும் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் மேலே ஸ்பிதியில் இருக்கும் ஊர்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். அவர்கள் ஊரில் பாறை உச்சியில் மண்ணால் கட்டிய கோம்பா இருக்கிறதாம். கோம்பா என்றால் புத்த மடம். ஆயிரம் வருஷத்து மண் சுவர் இன்னும் கரையாமல் நிற்கிறது என்பார்கள். மண் சுவர் ஒரு ஐப்பசி மழைக்கே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? எனக்கு நம்பவே முடியாது. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேனே என்று முதலாளியிடம் கேட்டேன். "பழம் அழுகுமப்பா" என்றார். நியாயம்தான். அந்த ரோடு மேலே போகும், நான் ஒவ்வொரு முறையும் கீழே திரும்புவேன். அப்படி விட்டுவிட்டு வந்த ஒரு இடத்தின் மேல் மனிதனுக்கு எவ்வளவு வெறி பிடிக்கும் என்பதை அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

லாரிக்காரன் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கர்நூலில் நின்று டீ குடித்துக்கொண்டே, முதலாளிக்குப் போன் போட்டு "அனந்தப்பூர் தாண்டிட்டனுங்க" என்போம். அனந்தப்பூரில் பஞ்சர் ஒட்டும்போது "பெங்களூர் வந்துட்டேன்" என்போம். எல்லா டிரைவரும் ஒரு ஊர் தள்ளித்தான் சொல்வான். முதலாளிக்கும் அது தெரியும், மனசுக்குள் ஒரு ஊரைக் கழித்துக்கொள்வார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நான் வீட்டுக்கும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். உன் அம்மாவுக்குக் கழிக்கத் தெரியாது. அவள் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், சொன்ன நேரத்துக்குப் பாவு நூல் வரும், சொன்ன நாளில் சேலை போகும் என்று வளர்ந்தவள். நீ பிறந்தபோது சித்ரதுர்காவில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து "ஓசூர் வந்துட்டேன், ரெண்டு மூணு மணி நேரத்துல ஊட்டுக்கு வந்துருவேன்" என்றேன். அவள் அதை நம்பி, தன் அண்ணனைக் கூப்பிடாமல், வலியோடு வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டம்மா ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் மறுநாள் வந்தேன். "ரோட்டுல என்னமோ ஆயிருக்கும்னு நெனச்சனுங்க, வந்து சேந்தீங்களே அது போதும்" என்றாள். திட்டியிருந்தால் திருந்தியிருப்பேனோ என்னவோ.

டூருக்கு வருகிறேன். வேனில் எல்லாரும் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள். வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஸ்டியரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்து மலை ஏறினேன். ஒரு பக்கம் பாறை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது, மறு பக்கம் ஆறு எங்கோ அடியில் நூலாகத் தெரிகிறது. எதிரே வண்டி வந்தால் நம் டயர் கரையில் நிற்கும். ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தது. "ஏனுங்க, பலகை ஒடஞ்சு போயிரும்" என்று உன் அம்மா கேலி செய்தாள். அவளுக்குப் பயமே இல்லை. போன முதல் கோம்பாவிலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது. உள்ளே இருட்டு, நெய் விளக்கு, சுவரெல்லாம் ஓவியம். ஒரு வயதான லாமா எங்களுக்கு வெண்ணெய் போட்ட உப்பு டீ ஊற்றினார். நான் ஒரு வாயில் நிறுத்திக்கொண்டேன். அவளோ, "நம்மூட்டு மோரைக் காய வெச்சு உப்புப் போட்டாப்பல இருக்குதுங்க" என்று சொல்லி, என் டீயையும் வாங்கிக் குடித்துவிட்டாள். சுற்றிவிட்டால் வேண்டுதல் பலிக்கும் என்று சொன்ன உருளைகளில் ஒன்றுகூட விடாமல் உன் பெயரையும் மருமகள் பெயரையும் சொல்லிச் சுற்றினாள். அந்த மண் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இடங்கள் அப்படிப்பட்டவை, அதில் நான் சொன்னது ஒன்றும் மிகையில்லை.

எங்களைக் கூட்டிப்போன பையன் அந்த ஊர்க்காரன், பெயர் நோர்பு, இருபத்தாறு வயது இருக்கும். எங்களிடமிருந்து இரண்டே நாளில் "நல்லாங்களா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். காலையில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "நல்லாங்களா?" என்பான், நாங்கள் பன்னிரண்டு பேரும் "நல்லாங்க" என்போம். இதில்தான் இருக்கிறது வினை. அவன் நிஜமாகவே கேட்டான். நாம் அதற்கு நிஜமாகப் பதில் சொல்லும் ஆட்களா? கால் ஒடிந்து கட்டிலில் கிடப்பவனைப் போய் விசாரித்தாலும் "நல்லா இருக்கறனுங்க, நீங்க காப்பி சாப்பிடுங்க" என்றுதான் நம் ஊரில் சொல்வான். நோர்பு கெட்டிக்காரன், இரண்டாம் நாளே இதைக் கண்டுகொண்டான். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் வாங்கி வைத்தார்களே, விரலில் மாட்டினால் ஆக்சிஜன் காட்டும் கிளிப், அதைத் தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சுற்றுக்கு விட்டான். ஆளாளுக்கு மாட்டிப் பார்த்து நம்பரைச் சொல்ல, அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். "இங்கே தொண்ணூறுக்குக் கீழே எல்லாருக்கும் போகும், பயப்படாதீர்கள். எழுபதுக்குக் கீழே போனால் பேச்சே இல்லை, உடனே கீழே இறக்கிவிடுவேன்" என்று முதல் தடவை சுற்றுக்கு விட்டபோதே சொல்லியிருந்தான்.

நான்காம் நாள், அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியருக்குத் தலைவலி தாங்கவில்லை. அவர் மறைக்காமல் சொன்னார். நோர்பு அன்றைய பயணத்தை நிறுத்திவிட்டான். ஒரு கோம்பா விட்டுப் போயிற்று. "ஒருத்தருக்காவப் பன்னெண்டு பேரும் ஒரே எடத்துல குக்கிட்டு இருக்கறதாங்க?" என்று ஒரு அம்மா அலுத்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். அதை உன் அம்மா பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு வறட்டு இருமல். படி ஏறினால் நின்று நின்று வந்தாள். கேட்டால், "நம்மளால ஆருக்கும் சங்கட்டம் வேண்டாமுங்க. இன்னும் ஒரு நாள் தானுங்க?" என்றாள். அதற்கு அடுத்த நாள்தான் எல்லாவற்றையும் விட உயரத்தில் இருக்கும் கோம்பா. லோடு ஏற்றிய ஆட்கள் அந்தக் காலத்தில் என்னிடம் வாய் ஓயாமல் சொன்னது அதைத்தான்.

அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் கிளிப் எங்கள் மேசைக்கு வந்தது. என் விரலில் எண்பத்து நான்கு. அவள் விரலில் மாட்டினேன். கொஞ்சம் குறைவாகக் காட்டியது. குளிரில் விரல் மரத்திருக்கும் என்று தேய்த்துவிட்டு மறுபடியும் மாட்டினேன். மறுபடியும் குறைவாகத்தான் இருந்தது. அவள் கண்ணாடியை ரூமில் வைத்துவிட்டு வந்திருந்தாள். "எவ்வளவுங்க?" என்றாள். "நல்லாத்தான் இருக்குது" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோர்பு, "அம்மாவுக்கு?" என்றான். எண்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன், சாமி. வாய் கூசவில்லை, நாக்குக் குழறவில்லை. அனந்தப்பூர் தாண்டிட்டேன் என்பது எப்படி வருமோ அப்படி வந்தது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்திருந்தால் அந்த யோசனையிலாவது ஒரு நொடி பயந்திருப்பேன். அவன் எழுதிக்கொண்டு அவளைப் பார்த்து "நல்லாங்களா?" என்றான். அவளும் "நல்லாங்க சாமி" என்றாள்.

மறுநாள் அந்தக் கோம்பாவில் பூசை நடந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு நீளமான கொம்பை ஊதினார்கள். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் போய் அதிர்ந்தது. நான் அதிலேயே லயித்து நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா வாசல் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு நாவற்பழம் தின்றவள் மாதிரி இருக்கிறது. இருமினாள், முந்தானையில் இளஞ்சிவப்பாக நுரை. மூச்சு இழுக்கும்போது உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். நோர்பு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினான். வேனில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி, அந்த வளைவுகளில் கீழே இறங்கினோம். போகும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்திருந்தேன், அவள் என்னைத் திரும்பப் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ விபத்தைத் தாண்டிப் போனவன் நான். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் அறிந்ததில்லை. உனக்கு என்ன சொல்வேன் என்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. அப்போதும்கூட என்ன சொல்வேன் என்றுதான் யோசித்தேன், பார்த்தாயா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நேற்று எவ்வளவு இருந்தது என்பது. நோர்பு நோட்டைக் காட்டினான். எண்பத்திரண்டு. "ஒரே நாளில் இப்படி ஆகாது, நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று டாக்டர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. டூர் நடத்தியவர்கள் அந்த சீசனோடு அவனை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆகவே நீ போகும்போது அவன் இருக்க மாட்டான். நம் ஆட்கள் "நல்லாங்க" என்றால் நம்பக் கூடாது என்று தெரிந்துவைத்திருந்த ஒரே ஆளை நான் அங்கிருந்து அனுப்பிவிட்டேன். எனக்குப் பயம் வருவதற்கு இது ஒரு காரணம். முந்தாநாள் அவன் நம்பரைத் தேடிக் கூப்பிட்டு எனக்குத் தெரிந்த லாரி இந்தியில் நடந்ததைச் சொன்னேன், அந்தக் கம்பெனிக்கும் எழுதிப் போடுகிறேன் என்றேன். முழுதும் கேட்டுக்கொண்டான். அப்புறம் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். சொன்னேன். வைத்துவிட்டான். கம்பெனிக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன்.

இன்னொரு காரணம் நீ. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்து, அதைச் சொல்லாமல் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இரண்டு நாள் இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டாய். என்ன புதுப் பழக்கம் என்று நான் கிண்டல் செய்தேன். வீங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்போது உன்னைக் கடிந்துகொள்ள வேண்டிய நான் என்ன செய்தேன்? போகிற வருகிற சொந்தக்காரரிடமெல்லாம் "எம்பையன் வாயே தொறக்கல பாத்துக்குங்க" என்று மார்தட்டினேன். நீ கட்டுப் போட்ட கையோடு என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். வலியை மறைத்தால் அப்பாவுக்குப் பெருமை என்று அன்றைக்கு உனக்குப் பாடம் எடுத்துவிட்டேன். இப்போதும் உனக்குக் காய்ச்சல் என்றால் மருமகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிகிறது. மாத்திரையைக்கூட அவளுக்குத் தெரியாமல் போடுகிறாயாமே. அவள் அழாத குறையாகச் சொன்னாள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது, காலில் விழுந்தாவது நிறுத்தலாம் என்றுகூட ஒரு நேரம் தோன்றுகிறது. ஆனால் அந்த மண் சுவரை நீயும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. கேட்பது ஒன்றுதான். கிளிப்பை நீ தொடாதே, அவளிடம் கொடு. உன் விரலையும் அவளே பார்க்கட்டும், அவள் விரலையும் அவளே பார்க்கட்டும், அவளே வாய்விட்டுச் சொல்லட்டும். உங்கள் கல்யாண விருந்தில் "மாமா, சாதம் வேகலீங்க" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்ன பெண் அவள். வாய்க்காரி என்று நான் அன்றைக்கு முகம் சுளித்தேன். நம் குடும்பத்தில் இத்தனை பேர் அந்தச் சோற்றை "நல்லாருக்குதுங்க" என்று சொல்லி விழுங்கிக்கொண்டிருந்தோம். உன்னை அந்த வாயை நம்பித்தான் அனுப்புகிறேன். அவள் இறங்கலாம் என்று சொன்னால் இறங்கிவிடு. பத்துப் பேர் முறைத்தால் முறைக்கட்டும்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் கொடுத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். நான் செக்போஸ்ட்டில் பேப்பரைக் கொடுத்துவிட்டு நிற்பவன் மாதிரி நின்றேன். படித்து முடித்தும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எனக்கு இது தெரியாதுங்க" என்றாள். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இத்தன நாளும் நாந்தேன் வாயத் தொறக்காம இருந்து அத்தன பேரு பயணத்தையும் கெடுத்துப்போட்டன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. அந்தத் தம்பி திட்டு வாங்குனது என்னாலதான்னு தெனமும் வெளக்கு வெக்கறப்ப மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கறேன்" என்றாள்.

ஒரு வருஷம், சாமி. என் பொய்யை அவள் தன் தலையில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் இந்த வீட்டில் என் பக்கத்திலேயே நடமாடியிருக்கிறாள். நான் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவள் காகிதத்தைத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இதென்னங்க, 'கொஞ்சம் குறைவாகக் காட்டியது'ன்னு போட்டிருக்கீங்க? உங்களுக்கு எத்தனைன்னு எழுதியிருக்கீங்க, அந்தத் தம்பிகிட்டச் சொன்னது எத்தனைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு எத்தனைன்னு எங்கீங்க? பையனுக்கு எழுதறப்பவும் ஒரு ஊரு தள்ளித்தான் நிப்பீங்களா?"

அவள் எதிரிலேயே உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். அன்று உன் அம்மாவின் விரலில் முதலில் காட்டியது ஐம்பத்தெட்டு, தேய்த்துவிட்டு மறுபடி மாட்டியபோது ஐம்பத்தாறு.